ஊசி போட்டுக்கொண்ட பாட்டு ராஜா!

குட்டி நண்பர்களே, ஊசி என்றதும் உங்களில் எத்தனை பேர் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள்!

பரவாயில்லை, வெட்கப்பட வேண்டாம். பெரியவர்களில்கூட நிறைய பேருக்கு அந்தப் பயம் உண்டு. இன்று ஒரு ஊசியின் கதையைத்தான் சொல்லப் போகிறோம். அந்த ஊசியைப் போட்டுக்கொண்டவர் சாதாரண ஆள் இல்லை. அமெரிக்காவையே ஆட்டம் போட வைத்த ஒரு பாட்டுக்காரர்!

1956-ம் ஆண்டு அக்டோபர் 28, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் நியூயார்க் நகரம். அங்கே ஒரு டி.வி. ஸ்டுடியோவில், 21 வயது இளைஞர் ஒருவர் சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டு நிற்கிறார். பெண் டாக்டர் ஒருவர் அவருடைய கையைப் பிடித்துக்கொள்கிறார். இன்னொரு டாக்டர் ஊசியைப் போடுகிறார். சுற்றிலும் நிருபர்கள், கேமராக்கள்!

ஒருவர் ஊசி போட்டுக்கொள்வதையா இத்தனை பேர் படம் பிடிப்பார்கள்? ஆமாம். ஏனென்றால் அந்த இளைஞரின் பெயர் எல்விஸ் பிரெஸ்லி. பின்னாளில் 'ராக் அண்ட் ரோல் இசையின் ராஜா' என்று உலகமே கொண்டாடியது இவரைத்தான்.

பாட்டுப் பாடுகிறவருக்கும் ஊசிக்கும் என்ன சம்பந்தம்? வாருங்கள், பார்க்கலாம்.

கோடை வந்தாலே நடுக்கம்

கோடை விடுமுறை என்றால் உங்களுக்குக் கொண்டாட்டம்தானே? ஆனால் அந்தக் காலத்து அமெரிக்க அம்மா அப்பாக்களுக்கு, கோடை வந்தாலே வயிற்றில் புளியைக் கரைக்கும். நீச்சல் குளங்களை மூடிவிடுவார்கள். பிள்ளைகளை சினிமா தியேட்டருக்கு அனுப்ப மாட்டார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு விளையாடவும் தடை!

காரணம், போலியோ. தமிழில் இதை 'இளம்பிள்ளை வாதம்' என்று சொல்வார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு வைரஸ் கிருமியால் வரும் நோய் இது. அசுத்தமான தண்ணீர், உணவு, கழுவாத கைகள் மூலம் வாய்க்குள் போய், குடலில் பெருகும். கிருமி தொற்றிய பலருக்கு எந்த அறிகுறியுமே இருக்காது. ஆனால் சுமார் 200 பேரில் ஒருவருக்கு அது நரம்புகளைத் தாக்கிவிடும். நேற்று வரை ஓடி விளையாடிய பிள்ளை, இன்று காலைத் தூக்க முடியாமல் படுத்துக் கிடக்கும்.

சிலருக்கு மூச்சு விடுவதற்கான தசைகளே செயல் இழந்துவிடும். அவர்களை 'இரும்பு நுரையீரல்' என்ற பெரிய உலோக உருளைக்குள் படுக்க வைப்பார்கள். தலை மட்டும் வெளியே இருக்கும். உருளைக்குள் இருக்கும் காற்றின் அழுத்தத்தை இயந்திரம் மாற்றி மாற்றிக் கூட்டிக் குறைக்கும். அதனால் மார்பு விரிந்து சுருங்கி, மூச்சு உள்ளே போய் வெளியே வரும். சில பிள்ளைகள் வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் அதற்குள்ளேயே படுத்திருந்தார்கள்.

1952-ம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவில் சுமார் 58 ஆயிரம் பேரை போலியோ தாக்கியது. 3 ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் இறந்துபோனார்கள். 21 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களுக்குக் கை, கால்களில் வாதம் ஏற்பட்டது.

பிறந்தது தடுப்பூசி!

அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், 1921-ம் ஆண்டில், தன் 39-வது வயதில் கால்களின் பலத்தை இழந்தவர். அதற்கு போலியோதான் காரணம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அவர் 1938-ல் போலியோவை எதிர்ப்பதற்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். 'டைம்' என்றால் 10 சென்ட் நாணயம். 'ஆளுக்கு ஒரு டைம் அனுப்புங்கள்' என்று மக்களிடம் கேட்டார்கள். லட்சக்கணக்கான நாணயங்கள் வெள்ளை மாளிகைக்கு வந்து குவிந்தன! இப்படிச் சேர்ந்த பணம் விஞ்ஞானிகளின் ஆராய்ச்சிக்குப் போனது.

அப்படி ஆராய்ச்சி செய்தவர்களில் ஒருவர்தான் ஜோனஸ் சால்க். அவர் போலியோ வைரஸை ரசாயனத்தால் செயலிழக்கச் செய்து, அதையே தடுப்பூசி ஆக்கினார். செயலிழந்த வைரஸால் நோயை உண்டாக்க முடியாது. ஆனால் நம் உடம்பு அதை அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்ளும். நிஜக் கிருமி வந்தால் விரட்டி அடிக்கும். திருடனின் போட்டோவை போலீஸ் ஸ்டேஷனில் ஒட்டி வைப்பார்களே, அது போல!

கண்டுபிடித்தால் போதுமா? சோதித்துப் பார்க்க வேண்டாமா? 1954-ல் மிகப் பெரிய சோதனை நடந்தது. அதில் கலந்துகொண்ட பள்ளிப் பிள்ளைகள் 18 லட்சம் பேர்! சிலருக்கு உண்மையான தடுப்பூசி போட்டார்கள். சுமார் 2 லட்சம் பேருக்கு மருந்தே இல்லாத ஊசி போட்டார்கள். மற்றவர்களை ஊசி போடாமலே கவனித்து வந்தார்கள். எல்லாக் குழுக்களையும் ஒப்பிட்டால்தானே மருந்து வேலை செய்கிறதா என்று தெரியும்? இதில் கலந்துகொண்ட பிள்ளைகளுக்கு 'போலியோ முன்னோடிகள்' என்று பெயர். பெருமையாகச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜும் கொடுத்தார்கள்.

1955, ஏப்ரல் 12-ல் முடிவு வெளியானது. தடுப்பூசி பாதுகாப்பானது, பலன் தருவது! தேவாலய மணிகள் ஒலித்தன. 'இந்த மருந்துக்கு யார் சொந்தக்காரர்?' என்று டி.வி. பேட்டியில் கேட்டபோது, மக்கள்தான் என்ற பொருளில் பதில் சொன்ன சால்க், 'சூரியனுக்குக் காப்புரிமை வாங்க முடியுமா?' என்று திருப்பிக் கேட்டார்.

ஆனால் அடுத்த சில நாட்களிலேயே ஓர் அதிர்ச்சி. ஒரு நிறுவனம் தயாரித்த மருந்தில், சரியாகச் செயலிழக்காத வைரஸ் இருந்துவிட்டது. சுமார் 200 பேருக்கு வாதம் வந்தது. 10 பேர் இறந்தார்கள். அரசு உடனே ஊசி போடுவதை நிறுத்தியது, தவறைக் கண்டுபிடித்தது, தயாரிப்பு விதிகளைக் கடுமையாக்கிய பிறகே மறுபடி தொடங்கியது. இருந்தாலும் மக்கள் மனதில் பயம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

அண்ணன்களும் அக்காக்களும் எங்கே?

முதலில் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் முன்னுரிமை கொடுத்தார்கள். மருந்து போதுமான அளவு கிடைத்த பிறகு, 13 வயது முதல் 19 வயது வரை உள்ள 'டீன் ஏஜ்' பிள்ளைகளையும் வாருங்கள் வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். அவர்கள் வந்தார்களா? ம்ஹூம்!

ஏன் வரவில்லை? முதல் காரணம், நோயின் பெயர். இங்கே 'இளம்பிள்ளை' வாதம் என்பது போல, ஆங்கிலப் பெயரும் இது குழந்தைகளின் நோய் என்ற அர்த்தத்தில்தான் இருந்தது. 'நாங்கள்தான் வளர்ந்துவிட்டோமே, எங்களுக்கு எதற்கு?' என்று நினைத்தார்கள். இரண்டாவது, ஒரே ஒரு ஊசி இல்லை, மூன்று ஊசி! முதல் ஊசி போட்ட சில வாரங்களில் இரண்டாவது. அதன் பிறகு பல மாதம் காத்திருந்து மூன்றாவது. மூன்றாவது காரணம் உங்களுக்கே தெரியும். ஊசி வலிக்கும்!

டாக்டர்கள் சொன்னார்கள். பெற்றோர் சொன்னார்கள். ரேடியோவில் அறிவிப்புகள் வந்தன. அறிவுரை என்றால் அந்த வயதில் யார் காது கொடுத்துக் கேட்பார்கள்? 'சரி, இவர்கள் யார் சொன்னால் கேட்பார்கள்?' என்று அதிகாரிகள் யோசித்தார்கள்.

அப்போது எல்லா வீட்டிலும் ஒரே பெயர்தான் ஒலித்துக்கொண்டிருந்தது. எல்விஸ்!

லாரி ஓட்டிய எல்விஸ்

எல்விஸ் 1935, ஜனவரி 8-ல் மிசிசிப்பி மாநிலத்தின் டுபலோ என்ற சிற்றூரில் பிறந்தார். இரண்டே அறைகள் கொண்ட சின்ன வீடு. ஏழைக் குடும்பம். அவரோடு பிறந்த இரட்டைச் சகோதரர் பிறக்கும்போதே இறந்துவிட்டதால், அம்மாவுக்கு எல்விஸ் மீது உயிர். 11-வது பிறந்த நாளுக்கு அவர் கேட்ட பரிசு வேறு; கிடைத்தது ஒரு கிடார்! அதுவும் இசைக்கருவிக் கடையில் இல்லை, ஊரில் இருந்த இரும்புச் சாமான் கடையில் வாங்கியது.

1948-ல் குடும்பம் மெம்பிஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. பள்ளிப் படிப்பை முடித்த பிறகு எல்விஸ், மின்சார வேலைகள் செய்யும் ஒரு நிறுவனத்தில் லாரி ஓட்டினார். அந்த ஊரில் 'சன் ரெக்கார்ட்ஸ்' என்று ஒரு ஒலிப்பதிவுக் கூடம் இருந்தது. சில டாலர் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் தங்கள் குரலைப் பதிவு செய்துகொள்ளலாம். 1953-ல் எல்விஸும் போய்ப் பாடிப் பதிவு செய்துகொண்டார்.

1954, ஜூலை 5. அந்தக் கூடத்தின் உரிமையாளர் சாம் பிலிப்ஸ், எல்விஸையும் இரண்டு வாத்தியக்காரர்களையும் பாட வைத்துப் பார்த்தார். எதுவும் சரியாக அமையவில்லை. சற்று ஓய்வு எடுத்த நேரத்தில், எல்விஸ் விளையாட்டாக ஒரு பழைய பாட்டைக் குதித்துக் குதித்துப் பாட ஆரம்பித்தார். மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள். பிலிப்ஸ் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். இதுதான் அவர் தேடிக்கொண்டிருந்த இசை! அது பதிவாகி, சில நாட்களில் மெம்பிஸ் ரேடியோவில் ஒலித்தது. நேயர்கள் போன் மேல் போன் போட்டதால், அதே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள்.

அந்த இசை யாருடையது?

இங்கே ஒரு முக்கியமான விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். எல்விஸ் பாடிய அந்தப் பாட்டை முதலில் உருவாக்கிப் பாடியவர் ஆர்தர் கிரடப் என்ற கறுப்பினக் கலைஞர். ராக் அண்ட் ரோல் இசையின் வேரே கறுப்பின மக்களின் இசைதான். அவர்களின் 'புளூஸ்', தேவாலயப் பாடல்கள், துள்ளலான 'ரிதம் அண்ட் புளூஸ்' ஆகியவற்றோடு கிராமிய இசையும் கலந்து பிறந்தது அது. சக் பெர்ரி, லிட்டில் ரிச்சர்ட், ஃபேட்ஸ் டோமினோ, பிக் மாமா தார்ன்டன் எல்லாரும் அதைக் கட்டி எழுப்பியவர்கள்.

ஆனால் அன்றைய அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி, வெள்ளையருக்குத் தனிப் பள்ளி. பஸ்ஸில் தனி இடம். சில அரங்குகளில் நடுவில் கயிறு கட்டி, இந்தப் பக்கம் இவர்கள், அந்தப் பக்கம் அவர்கள் என்று பிரித்து வைத்தார்கள். கறுப்பினக் கலைஞர்களின் பாடல்களைப் பல ரேடியோ நிலையங்கள் ஒலிபரப்பவே இல்லை. எல்விஸின் முதல் பாட்டைக் கேட்ட பலர், அவரும் கறுப்பினத்தவர் என்றே நினைத்தார்கள். அதனால் ரேடியோ பேட்டியில் அவரிடம், 'எந்தப் பள்ளியில் படித்தீர்கள்?' என்று கேட்டார்கள். பள்ளியின் பெயரைச் சொன்னாலே போதும், நேயர்களுக்குப் புரிந்துவிடும்!

எல்விஸ் திறமைசாலி, சந்தேகம் இல்லை. ஆனால் அதே திறமை இருந்த மற்றவர்களுக்கு அவருக்குத் திறந்த கதவுகள் திறக்கவில்லை. இதையும் நாம் மறக்கக் கூடாது.

சுண்டு விரல் நடனம்!

1956-ல் எல்விஸின் புகழ் ராக்கெட் வேகத்தில் ஏறியது. ஆனால் பெரியவர்களுக்கோ அவரைக் கண்டாலே ஆகாது! பாடும்போது அவர் காலையும் இடுப்பையும் ஆட்டுவது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. 'பிள்ளைகள் கெட்டுப்போய்விடுவார்கள்' என்று பத்திரிகைகள் எழுதின. ஒரு டி.வி. நிகழ்ச்சியில், அவருக்கு விருந்துக்குப் போடுகிற கோட்டை மாட்டிவிட்டு, ஆடாமல் அசையாமல் ஒரு நாயைப் பார்த்துப் பாட வைத்தார்கள். பாவம், பாடினார்!

அந்த ஆண்டு ஆகஸ்டில் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில் இன்னும் ஒரு வேடிக்கை. 'மேடையில் உடம்பை ஆட்டினால் கைது செய்வேன்' என்று ஒரு நீதிபதி எச்சரித்துவிட்டார். எல்விஸ் என்ன செய்தார் தெரியுமா? உடம்பை அசைக்கவில்லை. சுண்டு விரலை மட்டும் ஆட்டினார்! அதற்கே ரசிகர்கள் போட்ட கூச்சலில் அரங்கம் அதிர்ந்தது.

எட் சல்லிவன் என்பவர் நடத்திய டி.வி. நிகழ்ச்சி அன்று மிகவும் பிரபலம். 'எல்விஸை என் நிகழ்ச்சிக்கு அழைக்கவே மாட்டேன்' என்று சொல்லி வந்தவர் அவர். கடைசியில் மூன்று நிகழ்ச்சிகளுக்கு 50 ஆயிரம் டாலர் கொடுத்து அவரே அழைத்தார்! செப்டம்பர் 9-ல் ஒளிபரப்பான முதல் நிகழ்ச்சியைப் பார்த்தவர்கள் சுமார் 6 கோடி பேர்.

இரண்டாவது நிகழ்ச்சிக்கான நாள்தான் அக்டோபர் 28.

கிளிக்... கிளிக்...

அன்று எல்விஸின் கையைப் பிடித்துக்கொண்டவர் டாக்டர் லியோனா பாம்கார்ட்னர். நியூயார்க் நகரின் சுகாதாரத் துறைத் தலைவர். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். ஊசி போட்டவர் டாக்டர் ஹெரால்டு ஃபர்ஸ்ட். எல்விஸ் சிரித்த முகத்தோடு நின்றார். கேமராக்கள் கிளிக் கிளிக் என்று மின்னின. அந்தப் படங்கள் நாடெங்கும் பத்திரிகைகளில் வந்தன.

யோசித்துப் பாருங்கள். எந்த இளைஞரைப் பார்த்து 'நம் பிள்ளைகளைக் கெடுக்கிறார்' என்று பெரியவர்கள் திட்டினார்களோ, அதே இளைஞரிடம்தான் 'எங்கள் பிள்ளைகளைக் காப்பாற்ற உதவுங்கள்' என்று கேட்க வேண்டி வந்தது! அவரும் மறுக்கவில்லை. 'பாருங்கள், நானே போட்டுக்கொண்டேன். இது குழந்தைகளுக்கு மட்டுமான ஊசி இல்லை' என்று ஒரு வார்த்தை பேசாமல் அந்தப் படம் சொன்னது.

ஒரு படம் போதுமா?

'எல்விஸ் ஊசி போட்டுக்கொண்டார். மறுநாளே எல்லாப் பிள்ளைகளும் வரிசையில் வந்து நின்றுவிட்டார்கள்' என்று சிலர் கதையை முடித்துவிடுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது அப்படி இல்லை.

படத்தைப் பார்த்த பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆனால் ஊசி போட்டுக்கொள்ள வந்தவர்கள் எண்ணிக்கை ஒரே நாளில் கூடிவிடவில்லை. பார்ப்பது வேறு, செய்வது வேறு, இல்லையா? அதன் பிறகுதான் நிஜமான வேலை தொடங்கியது. செய்தவர்கள் யார்? அந்த டீன் ஏஜ் பிள்ளைகளேதான்!

போலியோ ஒழிப்பு அமைப்பு, அவர்களை அழைத்துப் பேசியது. 'உங்கள் நண்பர்கள் ஏன் வரவில்லை? என்ன செய்தால் வருவார்கள்?' என்று அவர்களிடமே யோசனை கேட்டது. 'போலியோவுக்கு எதிரான இளைஞர்கள்' என்ற பெயரில் பிள்ளைகள் அணி திரண்டார்கள். வீடு வீடாகப் போனார்கள். பள்ளிகளில் பேசினார்கள். எல்லாவற்றிலும் சுவாரசியமானது 'சால்க் ஹாப்' என்ற நடன விழா! அங்கே ராக் அண்ட் ரோல் பாட்டுகள் ஒலிக்கும், ஆடலாம், பாடலாம். ஆனால் உள்ளே போக ஒரே நிபந்தனை: ஊசி போட்டிருக்க வேண்டும். போடவில்லையா? அங்கேயே போட்டுக்கொண்டு உள்ளே போகலாம்!

நண்பர்கள் எல்லாரும் உள்ளே ஆடும்போது, வாசலில் நிற்க யாருக்கு மனம் வரும்?

1952-ல் சுமார் 58 ஆயிரமாக இருந்த போலியோ பாதிப்பு, 1957-ல் 6 ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. இந்த வெற்றியில் சின்னப் பிள்ளைகளுக்குப் போட்ட ஊசிக்குப் பெரிய பங்கு உண்டு. விஞ்ஞானிகள், நர்ஸுகள், நாணயம் அனுப்பிய மக்கள், பேட்ஜ் குத்திக்கொண்ட 18 லட்சம் பிள்ளைகள், வீடு வீடாகப் போன அண்ணன்கள், அக்காக்கள் எல்லாருக்கும் பங்கு உண்டு. சட்டைக் கையைச் சுருட்டிய ஒரு பாட்டுக்காரருக்கும் உண்டு.

உங்கள் சுண்டு விரலிலும் மை!

இந்தக் கதையின் மறுபாதி நம் நாட்டில் நடந்தது. டாக்டர் ஆல்பர்ட் சேபின் என்பவர் வாய்வழியே கொடுக்கும் சொட்டு மருந்தைக் கண்டுபிடித்தார். இந்தியாவில் 1995-ல் 'பல்ஸ் போலியோ' இயக்கம் தொடங்கியது. ஒரே நாளில் நாடு முழுக்கக் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்து, அடையாளமாகச் சுண்டு விரலில் மை வைப்பார்கள். உங்களுக்கும் வைத்திருப்பார்கள், அம்மாவைக் கேட்டுப் பாருங்கள்!

இங்கேயும் நட்சத்திரங்கள் உதவினார்கள். நடிகர் அமிதாப் பச்சன் டி.வி.யில் தோன்றி, சொட்டு மருந்து கொடுக்கும்படி பெற்றோரைக் கேட்டுக்கொண்டார். ஆனால் ரயிலிலும் பஸ் நிலையத்திலும் திருவிழாக் கூட்டத்திலும் மருந்துப் பெட்டியைத் தோளில் சுமந்து நடந்தவர்கள், பெயர் தெரியாத லட்சக்கணக்கான பணியாளர்களும் தொண்டர்களும்தான். 2011, ஜனவரியில் மேற்கு வங்காளத்தில் ஒரு குழந்தைக்கு வந்ததுதான் இந்தியாவின் கடைசி போலியோ பாதிப்பு. 2014, மார்ச் 27-ல் போலியோ இல்லாத நாடு என்ற சான்றிதழ் கிடைத்தது. எல்விஸ் போட்டுக்கொண்டது போன்ற செயலிழந்த வைரஸ் ஊசியும், 2015 முதல் நம் நாட்டுத் தடுப்பூசி அட்டவணையில் இடம்பெற்றிருக்கிறது.

ஆனாலும் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் அந்தக் கிருமி இன்னும் முழுதாக ஒழியவில்லை. அதனால்தான் நம் ஊரிலும் சொட்டு மருந்தை நிறுத்தாமல் கொடுக்கிறார்கள்.

நட்சத்திரம் சொன்னால் சரியா?

கடைசியாக ஒரு கேள்வி. எல்விஸ் போட்டுக்கொண்டதாலா அது நல்ல ஊசி ஆனது?

இல்லை! 18 லட்சம் பிள்ளைகள் கலந்துகொண்ட சோதனையில் தேறியதால்தான் அது நல்ல ஊசி. தவறு நடந்தபோது மறைக்காமல், நிறுத்தித் திருத்தியதால் அது நம்பகமான ஊசி. எல்விஸ் செய்தது, எல்லாரையும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தது. அது சின்ன உதவி இல்லை. ஆனால் எல்விஸ் செய்ததெல்லாம் சரி என்றும் சொல்ல முடியாது. டாக்டர்கள் எழுதிக் கொடுத்த மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கி, உடல்நலம் கெட்டு, 1977, ஆகஸ்ட் 16-ல் தன் 42-வது வயதிலேயே அவர் இறந்துபோனார்.

இன்று உங்களுக்குப் பிடித்த நடிகரும் கிரிக்கெட் வீரரும் டி.வி.யிலும் செல்போனிலும் தோன்றி, 'இதைக் குடி, அதை வாங்கு, இதைச் செய்' என்கிறார்கள். அவர்களின் ஆட்டத்தையும் பாட்டையும் தாராளமாக ரசியுங்கள். அவர்கள் சொல்லும் பொருளைப் பற்றி மட்டும், 'இதைச் சோதித்துப் பார்த்தது யார்? சோதனையில் தேறியதா?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சரியாக இருந்தால், நீங்களும் செய்யுங்கள். உங்கள் நண்பனையும் கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள்.

அந்த சால்க் ஹாப் பிள்ளைகள் செய்தது அதைத்தானே!

தெரிஞ்சுக்கலாமா?

* 'ராக் அண்ட் ரோல்' என்ற பெயரைப் பிரபலமாக்கியவர் ஆலன் ஃபிரீட் என்ற ரேடியோ அறிவிப்பாளர். 1951 முதல் கிளீவ்லாந்து நகரில் அவர் நடத்திய இரவு நிகழ்ச்சி, கறுப்பினக் கலைஞர்களின் பாடல்களை எல்லாரிடமும் கொண்டு சேர்த்தது.

* அந்தக் காலத்துப் பிள்ளைகள் பாட்டுக் கேட்டது 7 அங்குல இசைத்தட்டில். நிமிடத்துக்கு 45 முறை சுற்றும். 1949-ல் அறிமுகமானது. ஒரு பக்கத்துக்குப் பெரும்பாலும் ஒரே பாட்டு!

* சட்டைப் பையில் அடங்கும் முதல் டிரான்சிஸ்டர் ரேடியோ 1954-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. விலை 49 டாலர் 95 சென்ட். வீட்டுக் கூடத்தை விட்டுத் தனியாகப் போய்ப் பாட்டுக் கேட்கப் பிள்ளைகளுக்கு வழி பிறந்தது அதன் பிறகுதான்.

* சக் பெர்ரி 1958-ல் வெளியிட்ட 'ஜானி பி. குட்' பாடல், 1977-ல் வாயேஜர் விண்கலங்களில் வைத்து அனுப்பிய தங்க இசைத்தட்டில் இடம்பெற்றது. அதே தட்டில் நம் நாட்டுப் பாடகி கேசர்பாய் கேர்க்கரின் பாட்டும் விண்வெளியில் பயணம் செய்துகொண்டிருக்கிறது!

* புகழின் உச்சியில் இருந்தபோதே, 1958-ல் எல்விஸ் அமெரிக்க ராணுவத்தில் சேர வேண்டி வந்தது. மற்ற வீரர்களைப் போலவே சாதாரணச் சிப்பாயாக ஜெர்மனியில் பணியாற்றிவிட்டு, 1960-ல் திரும்பினார்.